வெண்டை வைரஸின் பூர்வீகம்

ஆராய்ச்சியை விட்டுவிட்டதாகச் சுலைகா யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால், "பாதியில நிக்கிது" என்பாள். அது நின்று பத்து வருஷம் ஆகிவிட்டது.

தாராவியில் தோல் பைகள் தைக்கும் பட்டறை வைத்திருந்த அப்துல் ரவூபின் மூத்த மகள் அவள். எம்.எஸ்ஸி. முடித்துச் செம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தாள். வெண்டைச் செடியின் இலை நரம்பை மஞ்சளாக்கும் வைரஸைக் கொடுத்தார்கள். அந்த வைரஸுக்குள் இருப்பது வட்டமான சின்னஞ்சிறு டிஎன்ஏ. அதை நகலெடுக்க அடி எடுத்துக் கொடுப்பது வைரஸின் ஒரு புரதம். வட்டத்தில் குறித்த ஓரிடத்தில் இழையை வெட்டி, வெட்டிய முனையை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

ஒரு நாள் மத்தியானம் அந்தப் புரதத்தின் எழுத்து வரிசையைக் கம்ப்யூட்டரில் போட்டு, அதற்கு உறவு யார் யார் என்று தேடினாள். வரிசையாக வைரஸ்கள் வந்தன. அவற்றுக்குக் கீழே ஒரு பாக்டீரியா. கத்தரிச் செடியில் புகுந்து இலைகளைச் சிறுக்க வைக்கும் பாக்டீரியா அது. அதற்குள் பிளாஸ்மிட் என்று தனியாக ஒரு குட்டி டிஎன்ஏ வட்டம் இருந்தது. அந்த வட்டத்தை நகலெடுக்கும் புரதம், வெட்டும் இடத்தில் இவளுடைய வைரஸின் புரதத்தை அப்படியே உரித்து வைத்திருந்தது.

வைரஸ் எங்கே, பாக்டீரியா எங்கே! ஒரு காலத்தில் பிளாஸ்மிடாக இருந்த ஒன்றுதான் பாக்டீரியாவை விட்டு வெளியேறி வைரஸாகிவிட்டதா? அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

தற்செயலாக இருக்கும், உன் ஆய்வுக்கு இது வேண்டாம் என்றார் வழிகாட்டி. அவள் விடவில்லை. கிடைத்த பிளாஸ்மிடுகளையெல்லாம் சேர்க்கத் தொடங்கினாள். பதின்மூன்று சேர்ந்தபோது வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தம்பிகள் அப்போது இன்னும் படித்துக்கொண்டிருந்தார்கள். சயானில் ஜூனியர் கல்லூரி ஆசிரியை வேலைக்குப் போனாள். உடன் ஆராய்ச்சி செய்த மாட்டுங்கா ஷ்ருதியிடம் எல்லாவற்றையும் கொடுத்து, "ஆறு மாசத்துல வந்துருவேன்" என்றாள்.

அந்த ஆறு மாதம் வரவேயில்லை. வாப்பா இரண்டு வருஷம் படுத்திருந்து போய்ச் சேர்ந்தார். அவளுக்கோ வேலை நிலைத்துவிட்டது. புதிய கட்டுரைகள் எதையும் படிக்க மாட்டாள், படித்தால் தாங்காது. வகுப்பில் பிளாஸ்மிட் பாடம் வந்தால் மட்டும் தன்னையறியாமல் ஐந்து நிமிஷம் கூடப் பேசிவிடுவாள். "மிஸ், யே எக்ஸாம் மே ஆயேகா?" என்று, பரீட்சைக்கு வருமா என யாராவது இந்தியில் கேட்பார்கள். "நஹீ" என்று பக்கத்தைத் திருப்புவாள்.

போன ஜூனில் ஷ்ருதி ஃபோன் செய்தாள். இப்போது அவள் அந்த ஆராய்ச்சி நிலையத்திலேயே விஞ்ஞானி.

"சுலைகா, நீ சொன்னது சரிடி. முன்னூறு பிளாஸ்மிட் வச்சுப் பார்த்தாச்சு. உன் வைரஸெல்லாம் பிளாஸ்மிட் கிளைக்கு நடுவுலேர்ந்துதான் கிளம்பறது. வெளிநாட்டுலயும் இதைத்தான் சொல்றா. சனிக்கிழமை வந்து பாரேன்."

ஃபோனை வைத்த பிறகும் சுலைகா நின்ற இடத்திலேயே நின்றாள். உம்மா நஸீரா எட்டிப் பார்த்தாள்.

"என்னளா, அப்படியே நிக்கே?"

"நான் அப்பம் ஒண்ணு சொன்னேம்லா உம்மா, அது நெசமாம்."

"நெசம்னா சந்தோசந்தான? பின்ன ஏன் அழுவுதே?"

சனிக்கிழமை செம்பூர் போனாள். திரையில் வம்ச மரம் விரிந்தது. பிளாஸ்மிடுகள் நீலம், வைரஸ்கள் சிவப்பு. நீலத்துக்கு நடுவே முளைத்த சிவப்புக் கிளையை விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

"கட்டுரையில உன் பேரையும் போடறேன்" என்றாள் ஷ்ருதி.

"போடு" என்றாள். அவள் ஏங்கியது பேருக்கு அல்ல. இந்த மரத்தில் ஒவ்வொரு கிளையும் சேரச் சேர, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டிய பத்து வருஷத்துக்கு.

கொஞ்சநேரம் கழித்துக் கேட்டாள்: "வைரஸுன்னா மேல ஒரு புரத உறை வேணும்லா? பிளாஸ்மிடுக்கு அது கிடையாதே. வெளிய வந்தப்ப உறை யாருகிட்ட வாங்குச்சி?"

ஷ்ருதி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். "வேற ஏதோ வைரஸ்கிட்டேர்ந்துன்னு ஒரு யூகம் இருக்கு. நம்ம வைரஸ்ல யாரும் பார்க்கலை. நீ திரும்பி வந்துடேன்."

"ஃபெல்லோஷிப்புக்கு வயசு தாண்டிட்டு, ஷ்ருதி."

சுலைகா முன்பு உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்த புதுப் பெண் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். சுலைகா சிரித்து, வேண்டாமென்று தலையசைத்தாள்.

நவம்பரில் கட்டுரை வந்தது. நான்காவது பெயர் அவளுடையது. ஆசிரியர் அறையில் இரண்டு முறை படித்தாள். அன்று சாயங்காலமே ஷ்ருதிக்கு எழுதினாள்: "உறைப் புரதங்களோட வரிசைகளை அனுப்பு. வீட்ல வச்சுப் பாக்கேன்."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், தம்பி நடத்தும் பட்டறைக்கு மேலே உள்ள அறையில் லேப்டாப்பைத் திறக்கிறாள். கீழே தையல் மெஷின் ஓடினால் மேசை அதிரும். இதுவரை பார்த்ததில் உருப்படியாக எதுவும் ஒத்துவரவில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமையே அடுத்த ஞாயிறுக்கு மனம் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறது.