படத்தில் மெலிந்த ஓடக்காரி

பன்றி விலாவை வெட்டும்போதே ரோண்டா நோவிக்கி கதையைத் தொடங்கிவிடுவாள். அமெரிக்காவின் டொலிடோ நகரத்துக் கடையொன்றில் இருபத்தாறு வருடமாகக் கறி வெட்டுகிறாள். வாங்க வந்தவருக்கு அவசரமா, பின்னால் கூட்டம் நிற்கிறதா, எதையும் பார்ப்பதில்லை. "மூணாம் பாகம் முடிச்சிட்டியா? இல்லையா? அப்ப உனக்கு எலும்புதான்," என்பாள்.

கார்வின் ஹேல் எழுதிய மாயக்கதை ஏழு பாகம். அதைப் படிக்காதவர்களை அந்த ஊரில் விரல்விட்டு எண்ணலாம். லாரிக்காரர்கள் அதை ஒலிப்புத்தகமாக வண்டியில் போட்டுக் கேட்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கிற கூட்டம் பிரசங்கத்தையா பேசுகிறது? அடுத்து எந்த அரசன் சாவான் என்று பந்தயம் கட்டுகிறது. ரோண்டாவுக்கு அரசர்கள் ஒரு பொருட்டில்லை. ஊல்கா என்கிற ஓடக்காரிதான் எல்லாம். அறுபது வயது, பீப்பாய் உடம்பு, ஒரு படையையே தனியாளாக ஓடத்தில் ஏற்றி அக்கரை சேர்த்தவள். ரோண்டாவின் புத்தகங்களில் ஊல்கா வரும் பக்கங்களில்தான் கொழுப்புக் கறை அதிகம்.

அந்தக் கதையை ஹேல் தானே படமாக எடுத்தார். படத்து ஊல்காவுக்கு இருபத்தைந்து வயது, கொடியிடை.

"இவ துடுப்புப் போடுவாளாம்! ஸ்பூனைத் தூக்கவே இவளுக்கு ரெண்டு ஆள் வேணும்," என்று கத்தினாள் ரோண்டா.

பக்கத்தில் பன்றித்தொடைக் கறி சீவிக்கொண்டிருந்த டுவெய்ன் சிரித்தான். "படம் பிச்சிக்கிட்டு ஓடுது ரோண்டா. ஊரே கொண்டாடுது. உனக்கென்ன வயித்தெரிச்சல்?"

"எரியுதுடா. அந்த ஆளையே நேர்ல பாத்துக்கறேன்."

ஹேல் கையெழுத்துப் போட வந்த சனிக்கிழமை, புத்தகக் கடை வாசலில் தொடங்கிய வரிசை கார் நிறுத்துமிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கடைக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: படத்து அட்டை போட்ட புதுப் புத்தகத்தில் மட்டும்தான் கையெழுத்து. ரோண்டாவும் ஒன்று வாங்கினாள். அட்டையில் நின்ற மெலிந்த பெண்ணைக் கறி சுற்றும் காகிதத்தால் மூடி, நாலு பக்கமும் ஒட்டினாள்.

மேசையருகே கடைப்பெண் மறித்தாள். "மேடம், காகிதத்தை எடுங்க. புதுப் புத்தகம்தானான்னு பாக்கணும். இல்லன்னா சார் போட மாட்டார்."

முதல் பாகம் படித்த நாளிலிருந்து ரோண்டா ஆசைப்பட்ட கையெழுத்து அது, ஒரு முழம் தள்ளி இருந்தது.

"போடாட்டிப் போகட்டும். இவ மூஞ்சியை நான் சுமந்துக்கிட்டுத் திரிய மாட்டேன்."

"காலையிலேருந்து கால் கடுக்க நிக்கிறோம். கிழிச்சுத் தொலையேம்மா!" என்று பின்னாலிருந்து கத்தினான், கதையில் வரும் வீரர்களைப்போல முகத்தில் பச்சைக் கோடு தீட்டிய ஒருவன்.

"நீ முதல்ல மூஞ்சியைக் கழுவிட்டு வா," என்றாள் ரோண்டா. நகரவில்லை.

ஹேல் பேனாவோடு நிமிர்ந்தார். "இங்க என்ன பிரச்சினை?"

ரோண்டா புத்தகத்தைக் கைப்பைக்குள் திணித்தாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள். கத்தித் தழும்புகள் ஓடிய தன் பருத்த வலக்கையை, அந்த மனிதரின் கண்ணெதிரே மேசைமேல் பொத்தென்று வைத்தாள். "ஊல்காவோட கை இப்படித்தான் இருக்கும். இதுல போடுங்க கையெழுத்தை," என்றாள்.