இரும்புச் சட்டியோடு இறங்கியவர்

போடி பஸ் நிலையத்துக்கு எதிரே ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சேதி வந்தது. ராசிங்காபுரத்து டவுன் பஸ்சிலிருந்து இறங்கிய ஒருவர், "ஒங்க சுருளியாண்டி ஆசாரி நேத்து ராத்திரி தவறிட்டாரப்பா. மத்தியானமே எடுக்குறாக" என்றார். பின்னால் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வண்டி என்னுடையதல்ல. முதலாளி வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டேன். "ஆளக் கொண்டுபோய் விட்டுட்டு எங்க வேணா போ" என்றார். போடிமெட்டு ஏறித் தோட்டம் சேர்ந்து திரும்பி இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கழுவிவிட்ட வாசலைத்தான் பார்த்தேன்.

அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் மாப்ளே. உறவுமுறை ஒன்றும் கிடையாது, ஒரே முதலாளியிடம் மாட்டிக்கொண்டவர்கள் என்பதைத் தவிர. அவரிடம் அரிவாளும் மண்வெட்டியும் அடித்து வாங்கிய ஊர்க்காரர்களான உங்களுக்கு அவருடைய ராசிங்காபுரத்துப் பட்டறையைத் தெரியும். அந்தப் பட்டறைக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவருடைய அப்பா இறந்ததும் அண்ணன்கள் பட்டறைச் சாமான்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இவர் வெறுங்கையோடு மலையேறினார். தோட்டத்தில் உலை இருந்தது, துருத்தி இருந்தது, சம்மட்டி இருந்தது. எல்லாம் முதலாளியுடையவை. களைவெட்டும் கத்திகளைத் தீட்டுவது, காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு ஓடும் இரும்புக் குழாய்களைச் சரிபார்ப்பது, நான் ஓட்டும் ஜீப்பின் ஒடிந்த ஸ்பிரிங் பட்டைகளை மாற்றுவது எல்லாம் அவர் வேலை. மனைவியும் மகளும் கீழே இருந்தார்கள். "ஒரு செட்டுச் சாமான் சேந்துட்டா எறங்கிருவேன் மாப்ளே. வெறுங்கையோட போயி என்ன சோலி பாக்க?" என்பார்.

வேலை முடிந்த பிறகு, நான் கழித்துப்போட்ட ஜீப்பு இரும்பில் அவரே தனக்குச் சாமான் அடிக்க ஆரம்பித்தார். முதலில் செய்தது குறடு. "நெருப்பப் பிடிக்கக் கை வேணும்ல, அதான்" என்றார். இரண்டு கம்பிகளையும் சேர்த்து நடுவில் சூட்டோடு ஆணி இறுக்கியதும், குறட்டைக் கீழே வைக்காமல் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். எதற்கு என்று கேட்டேன். "ஆறுற வரைக்கும் தொறந்து மூடணும் மாப்ளே. சும்மா விட்டா அப்படியே இறுகிப்போகும்."

முதலாளி வந்தார், பார்த்தார், பிடித்துப்போயிற்று. தன்னுடைய இன்னொரு தோட்டத்துக்கு அதைக் கொடுத்தனுப்பிவிட்டார். மாமா தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "எங்க உலை, எங்க கரி, எங்க இரும்பு. சாமான் மட்டும் ஒன்னோடதா?" என்றார். அடுத்து அடித்த குறடும் போயிற்று. நல்ல சுத்தியல் ஒன்றும் போயிற்று. நேர்த்தியாகச் செய்ததுதான் குற்றம்.

"கோணல்மாணலா அடிங்க மாமா, ஒரு பய தொடமாட்டான்" என்று யோசனை சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கோணக் கொறட்டுல பழுத்த இரும்பு நழுவி எவன் கால்லயாவது விழும். நீ ஒன் பிரேக்க அப்படி வச்சுக்குவியா?" சரி, சீட்டுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். அதற்கும் தலையாட்டவில்லை. "திருட்டுச் சாமான வச்சு எப்படி மாப்ளே உலை மூட்டுறது?"

எனக்கு எரிச்சலாக வரும். சாயங்காலமானால் முதலாளியின் உளிகளை எடுத்து, அடி வாங்கிப் பூத்துப்போன தலைகளை அரத்தால் ராவி ஒழுங்கு பண்ணுவார். மலைப்பனியில் துருத்தித் தோல் வெடித்துவிடும் என்று எண்ணெய் தடவுவார். யாருடைய சாமானுக்கு இந்த உழைப்பு என்று கேட்டால், "இது கெட்டா நம்ம வேலையும் கெட்டுப்போகும்" என்பார். அந்தத் தோலை அவர் தடவிக்கொடுப்பதைப் பார்க்கப் பார்க்க, இந்த மனுஷன் இங்கேயே கிடந்து செத்துவிடுவார் என்று பயந்தேன்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டால் யாரும் தொடக்கூடாது. மறுநாள் காலை முதலாளியே அவரவர் கருவியை வெற்றிலை பாக்கோடு எடுத்துக் கொடுப்பார். பேருக்கு ஒன்று. எனக்கு ஜீப் சாவி, மாமாவுக்கு ஒரு சுத்தியல். அந்த வருடம் மாமா, தான் அடித்துப் பறிபோகாமல் மிஞ்சியிருந்த குறடு, சுத்தியல், உளி எல்லாவற்றையும் ஒரே இரும்புச் சட்டியில் அடுக்கி வைத்திருந்தார். காய் எடுப்பு நேரம், முதலாளிக்கு அவசரம். சட்டியின் மேல் வெற்றிலையை வைத்து, இரண்டு கையாலும் தூக்கி, "இந்தாய்யா" என்று கொடுத்துவிட்டார்.

மாமா சட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மொதலாளி, சாமி முன்னால வெத்தல வச்சு ஒங்க கையால குடுத்துட்டீக. எனக்கு ஒரு செட்டுச் சாமான் சேந்துருச்சு, நான் ஊருக்குப் போறேன்."

முதலாளியின் முகம் சுருங்கியது. "ஸ்டோர்க் குழாய எவன்யா பாப்பான்?" என்று கத்தினார். ஆனால் வெற்றிலை வைத்துக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் அந்த வருடம் விளங்காது என்று கூடியிருந்த எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "போய்த் தொலை" என்றார். தண்டவாளத் துண்டில் மாமாவே உருவாக்கிய, இரும்பை வைத்து அடிக்கும் பட்டறைக்கல் ஒன்று மூலையில் கிடந்தது. அதையும் ஏற்றிவிடலாமா என்று கண்ணைக் காட்டினேன். "அத அவரு கையால குடுக்கலையே" என்று விட்டுவிட்டார். ராசிங்காபுரத்தில் ரொம்ப நாள் கருங்கல்லின் மேல் வைத்துத்தான் அடித்தார்.

அவரைக் கீழே இறக்கியது நான்தான். ஒவ்வொரு வளைவிலும் சட்டி கடகடவென்று ஆடியது. வீட்டு வாசலில் இறங்கியதும் அதிலிருந்து ஒரு வீல் ஸ்பானரை எடுத்து என் கையில் வைத்தார். "ஒனக்குன்னு அடிச்சது. சொந்த வண்டி வாங்குறப்ப வேணும்ல? வெரசா எறங்கி வந்துரு மாப்ளே."

நான் இறங்கவில்லை. வருடாவருடம் வெற்றிலையோடு சாவியை வாங்கிக்கொண்டு மறுபடி மலையேறுகிறேன். சாவியைத்தான் கொடுக்கிறார்கள், வண்டியை இல்லை. அதனால்தான் மாமாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை. நினைத்தால் ஆத்திரம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவர் என்னிடம் விட்டுப்போனது அந்த ஸ்பானர். எனக்குச் சொந்தமான ஒரு நட்டைக்கூட அது இதுவரை கழற்றியதில்லை. ஆனாலும் எண்ணெய் போட மறந்ததில்லை. ஆயுத பூஜைக்கு அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக மாட்டேன். வீட்டில் தனியாக வைத்துக் கும்பிடுவேன். மறுநாள் காலை அதை எடுத்துக் கொடுக்க யாரும் வருவதில்லை. நானே எடுத்துக்கொள்கிறேன்.