கோட்டுக்குள் தைத்த பாஸ்போர்ட்

அந்தத் தெருவில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. சட்டைப் பொத்தான் நுழையும் ஓட்டையைச் சுற்றி நூல் கட்டுகிறார்களே, அந்தக் காஜா வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் அவள் காஜா அக்கா. இருபது வருடம் ஒரே தையல்கடையில் குனிந்த தலை நிமிராமல் தைத்தாள். அந்தக் கடையை மூடிய மாதமே வெளிநாட்டிலிருந்து ஒரு வேலை வந்தது.

எந்த நாடு என்று கேட்டவர்கள் எல்லாம் நெஞ்சில் கை வைத்தார்கள். அவள் நாத்தனார் ஒருபடி மேலே போனாள்.

"அங்க போலீஸ்காரன் கண்ணுல பட்டாலே போதுமாம் அண்ணி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வச்சுக்குவானாம். அப்புறம் நீங்க வீடு வந்து சேர்ந்த மாதிரிதான்!"

மூன்று மாதம் பார்ப்பது, சரிப்பட்டால் புருஷனையும் மகளையும் வரவழைப்பது, இல்லாவிட்டால் அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவது. இதுதான் வீட்டில் பேசிய பேச்சு. திரும்பி வர இருக்கிற ஒரே வழி அந்தப் பாஸ்போர்ட். காஜா அக்கா அதை விடுவாளா? அங்கே போனதும் குளிருக்கு வாங்கிய கறுப்புக் கோட்டின் முதுகுப் பக்கத்து உள்துணியை, அந்த லைனிங்கைப் பிரித்தாள். பாஸ்போர்ட்டை உள்ளே வைத்து, தையல் இருப்பதே தெரியாமல் மூடினாள். ஆம்பிளைக் கோட்டு அது. அவளுக்கு முழங்கால் வரை தொங்கியது.

வேலை, துணிகளைப் பிரித்துத் திருத்தும் ஒரு கடையில். இஸ்திரி போடுகிறவர் நம் பேச்சுப் பேசுகிறவர் என்பதால் கொஞ்சம் தெம்பு. வேலையாட்கள் கோட்டு மாட்டப் பின்னறையில் ஆணி இருந்தது. அவளுக்கோ யார்மேலும் நம்பிக்கை இல்லை. கண்ணெதிரே இருக்கட்டும் என்று, வேலை முடிந்த துணிகள் தொங்கும் கம்பியிலேயே தன் கோட்டையும் மாட்டினாள். இஸ்திரிக்காரர் சொல்லிப் பார்த்தார். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் வாரம், ஒரு மதியம், சாப்பிடப் போக எழுந்தவள் கோட்டை எடுத்துத் தோளில் போட்டாள். முதுகுப் பக்கம் தடவினாள். வெறும் துணி!

"அண்ணே, இது என் கோட்டு இல்ல! என் பாஸ்போர்ட்டை அதுக்குள்ளதான் தச்சு வச்சிருக்கேன்!"

இஸ்திரிக்காரர் அந்தக் கோட்டில் குத்தியிருந்த சீட்டைப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போனது. "தங்கச்சி, காலையில கம்பியில கறுப்பா இருந்ததை எடுத்துக் குடுத்துட்டேன். கொண்டுபோனது... மூலை ஸ்டேஷன் போலீஸ்காரர்."

காஜா அக்கா கையிலிருந்த கோட்டை மேசைமேல் போட்டாள்.

"நான் ஸ்டேஷன் படி மிதிக்க மாட்டேன்."

"மிதிக்காட்டி கோட்டு நடந்தா வரும்?"

"நீங்க போங்க."

"உன் படம் ஒட்டின பாஸ்போர்ட்டை என்கிட்ட எப்படிம்மா குடுப்பாங்க? கிளம்பு!"

போலீஸ்காரரின் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, இஸ்திரிக்காரர் பின்னாலேயே ஒண்டி ஒண்டிப் போனாள். ஸ்டேஷனில் நீள பெஞ்சு ஒன்று, மேசைமேல் ஆறிப்போன தேநீர். அவளுடைய கோட்டை மாட்டிக்கொண்டு, கையை மடக்க முடியாமல் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார் ஒரு தடித்த மனிதர். எதிரே பிரிக்காத ரொட்டிப் பொட்டலம்.

இஸ்திரிக்காரர் விஷயத்தைச் சொன்னார். போலீஸ்காரர் துள்ளி எழுந்தார். தன் கோட்டை வாங்கி மாட்டி, எல்லாப் பொத்தானையும் போட்டுப் பார்த்தார். போட்டு முடித்ததும் ஏதோ சத்தமாகச் சொல்ல, ஸ்டேஷனே சிரித்தது.

"என்ன அண்ணே? திட்டுறாரா?"

"கோட்டைத் திருத்தக் குடுத்த ஒரே வாரத்துல இவ்வளவு ஊதிட்டோமான்னு பயந்து, மத்தியானச் சோறே வேண்டாம்னு உக்காந்திருந்தாராம். கடவுள் காப்பாத்தினார்ங்கறார்."

காஜா அக்கா சிரிக்கவில்லை. தன் கோட்டை வாங்கி முதுகைத் தடவினாள். கெட்டியாக இருந்தது. அப்படியே போயிருக்கலாம். ஆனால் போலீஸ்காரர் தன் முதுகைச் சொறிந்து காட்டி, உள்ளே என்ன குத்தியது என்று கேட்டுவிட்டார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்த ஊசியால் தையலைப் பிரித்துப் பாஸ்போர்ட்டை எடுத்தாள்.

"ஏன் இப்படின்னு கேக்குறார்."

"உங்க ஆளுங்க பிடுங்கிக்குவாங்கன்னு எங்க வீட்டுல சொன்னாங்கன்னு சொல்லுங்க."

"அடிப்பாவி! போலீஸ்கிட்ட இதை எந்த வாயால சொல்றது?"

"பொய் எனக்கு வராது. அப்படியே சொல்லுங்க."

சொன்னார். போலீஸ்காரர் பாஸ்போர்ட்டை வாங்கினார். அவளும் பெஞ்சைவிட்டு எழுந்தாள். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மூடி இரண்டு கையாலும் நீட்டினார். அவர் பெண்டாட்டியும் முக்கியமான காகிதத்தையெல்லாம் மாவு டப்பாவில்தான் ஒளிக்கிறாளாம். ஆனால் தையல் அவளுக்கு இவ்வளவு சுத்தமாக வராதாம்!

வெளியே வந்ததும் காஜா அக்கா நடைபாதையில் நின்றே வீட்டுக்குப் போன் போட்டாள். நாத்தனார்தான் எடுத்தாள்.

"எங்க அண்ணி இருக்கீங்க?"

"போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல."

"ஐயோ! நான் அப்பவே சொன்னேனே!"

"கத்தாதடி, ஒண்ணுமில்ல. உங்க அண்ணன்கிட்ட சொல்லு, பாப்பாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பி வரட்டும். மூணு மாசமெல்லாம் பார்க்க வேண்டாம்."

"நிஜமாவா அண்ணி? பயமா இல்லியா?"

"பயமெல்லாம் அப்புறம். எனக்கு இப்போ பசி உயிர் போகுது. வச்சுடறேன்."