ரூத்தின் நான்கு ஆண்டுகள்

சி.வி. திரும்பி வந்தது. மேல்மூலையில் ‘கோட் சி’ முத்திரை: திருத்தி மறுபடி அனுப்பு. கீழே கன்சல்டன்டின் கையெழுத்தில் ஒரே கேள்வி: ‘நடுவில் நான்கு ஆண்டுகள் எங்கே?’

அவற்றைக் காணாமல் போக்கியவன் நான். துபாயில் ஒரு கட்டுமான சைட்டில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். வந்துபோகும் ஒவ்வொரு தாளுக்கும் நம்பர் போட்டு அனுப்புகிற வேலை. புதிய சேஃப்டி மேனேஜர் ரூத் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். அவருடைய நான்கு பக்க சி.வி.யைக் கம்பெனி வழக்கப்படி இரண்டாகச் சுருக்கினேன். ‘கவிஞர்’ என்று தொடங்கிய பத்தி வேலைக்குச் சம்பந்தமில்லாதது என்று வெட்டிவிட்டேன். உரிமையாளர் சார்பில் ஆட்களைச் சரிபார்க்கும் கன்சல்டன்ட் ஏற்காவிட்டால் ரூத்துக்கு இங்கே வேலை இல்லை, ஊருக்குத்தான் டிக்கெட்.

அவருடைய கேபினுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சிரித்தார்.

“எல்லாரும் முதல்ல அதைத்தான் வெட்டுவாங்க.”

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. “நாலு வருஷமும் கவிதையேவா, மேடம்?”

“சுரங்கத்துல சேஃப்டி ஆளா இருந்தேன். ஒரு விபத்து. பதினோரு பக்கம் ரிப்போர்ட் எழுதினேன். செத்துப்போன பையன் பேரு அதுல ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு. வேலையை விட்டுட்டு ஒரு புத்தகம் எழுதினேன். நடுவுல ரெண்டு மாசம் பால் கறந்தேன். அப்புறம் வந்த மூணு புத்தகமும் சைட்டுல இருந்துகிட்டே எழுதினதுதான்.”

கேட்டுக்கொண்டே உள்ளே வந்த எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் செல்வம் சார் மதுரைக்காரர். பால் கறந்த கதையைப் பிடித்துக்கொண்டார். “ஏப்பா, பால்பண்ணைல வேலைன்னு போடு, கலாஸ், முடிஞ்சுச்சு. கவிதைன்னு போட்டா நம்மளையும்ல ஒரு மாதிரியா பாப்பாங்க!”

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ரூத் அசையவில்லை. “மாடு ரெண்டு மாசம். மிச்சமெல்லாம் கவிதை. அப்படியே போடுங்க.”

போட்டேன். பதில் வந்தது: ‘ஆதாரம் இணைக்கவும்.’

டிகிரி என்றால் தூதரகம் முத்திரை குத்தித் தரும் அட்டெஸ்டேஷன் இருக்கிறது. கவிதைக்கு? ரூத் அந்தப் புத்தகத்தையே கொடுத்தார். கோடைக்கால மதிய ஓய்வு; வெளியே கிரேன்கள் வெயிலில் உறைந்து நின்றன. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து முத்திரை குத்தினேன். அரைமணி வேலை, மூன்று மணிவரை இழுத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் பையனின் பெயர் இருந்தது. அவனுடைய சாப்பாட்டு டப்பாவும், விசிலும், திருப்பிக் கொடுக்காத பூட்ஸும் இருந்தன.

மறுநாள் கன்சல்டன்ட் நடேசனே போன் செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு போல்ட் குறைந்தாலும் கடிதம் எழுதுகிறவர்.

“தம்பி, நீர் அனுப்பின முப்பத்தோராம் பக்கம் சரியில்லை.”

“என்ன சார் தப்பு?”

“கடைசி வரி ஸ்கேன்ல விழேல்லை. பெடியன்ர தாய் கதவைத் திறக்கிறா. அதோட நிக்குது. பிறகு என்ன சொல்லுறா?”

புத்தகத்தை எடுத்து வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“சரி. ஒப்புதல்தான், இண்டைக்கே கோட் ஏ போடுறன். அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பி அனுப்பும். முழுசா.”

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தப் பத்தியை வெட்டக் கை போகிறதோ, அதைப் பற்றி அந்த ஆளிடமே முதலில் கேளுங்கள். நான் கேட்கிறேன். போன வாரம் ஒரு ஃபோர்மேன் மூன்று வருடம் தேனீ வளர்த்தவர் என்று தெரிந்தது. என்னிடமிருந்து போகும் சி.வி.க்கள் இப்போது மூன்று பக்கம்.