நான் பூட்டிவிட்ட பொத்தான்கள்

வேலிக்கு ஓலை வெட்டப் பனையில் ஏறி விழுந்த பிறகு, என் அண்ணையின் இரண்டு கைகளிலும் பிடி இல்லாமல் போனது. சோறுகூட நாங்கள்தான் ஊட்டினோம். இயலாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் பிச்சைச் சம்பளத்துக்கு, நல்லூர்ச் சட்டத்தரணி ஒருவர் இலவசமாக மனு எழுதித் தந்தார்.

“விதானையார் விசாரிக்க வரேக்கை உள்ளதை உள்ளபடி சொல்லும்,” என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார்.

கிராம அலுவலராகப் புதிதாக வந்த விதானையார் எங்கள் சண்டிலிப்பாய் வீட்டுக்கு வந்த நேரம், தங்கச்சியைப் பெண் பார்க்க இணுவிலிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக அண்ணைக்கு வெள்ளைச் சேட்டு போட்டு, பொத்தானெல்லாம் பூட்டி, கதிரையில் இருத்தியிருந்தேன்.

“அண்ணை தன்ரை அலுவலைத் தானே பார்ப்பாரோ?” என்று விதானையார் கேட்டார்.

“ஓம், அவருக்கு ஒரு குறையும் இல்லை,” என்றேன்.

மனு நிராகரிக்கப்பட்டது. சட்டத்தரணிக்குக் கோபம். “நீராவது வாய் திறந்திருக்கலாமே?” என்று அண்ணையைக் கேட்டார்.

“சபையிலை தம்பி சொன்னதை நான் பொய்யாக்கிறதே, ஐயா?”

மேன்முறையீடு செய்ய, நான் சொன்னது பொய் என்று நானே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். தங்கச்சியின் கலியாணம் முடியட்டும் என்றேன். அது முடிவதற்குள் சட்டத்தரணி ஊரைவிட்டே போய்விட்டார்.

மானத்தைக் காப்பாற்றியதாகத்தான் அன்று நினைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் போன பின், அந்தப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டதும் நான்தான்.