பாதி மிதித்தால் போதும்

சின்னராசுவை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகும் அவருடைய கிட்டாரின் ஆறாவது கம்பி சுருதி பிசகாமல்தான் இருந்தது. எஃகு அப்படித்தான். இழுத்துக் கட்டிய இடத்தில் நிற்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பிச் சுருள் செய்யும் ஆலை ஒன்றில் அவர் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை சபையில் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்தார். அது மேசைபோல் நான்கு காலில் நிற்கும். இடது காலால் பெடலை மிதித்தால் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். வலது கால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். பெரம்பூரில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர், தன் மகனோடு ஆஸ்திரேலியா போகும்போது சபைக்கு விட்டுப்போனது. பீரோவுக்குப் பின்னால் கிடந்ததைச் சின்னராசுதான் வெளியே இழுத்தார். "ரெண்டு காலுக்கும் வேலை. நம்ம வண்டி மாதிரி கீது" என்றார். வண்டியிலும் அவருக்கு வலது கால் ஆக்சிலேட்டரில், இடது கால் பிரேக்கில். மற்றவர்கள் பிரேக்குக்கும் வலது காலையே மாற்றி வைப்பார்கள். அவர் மாற்றியதே இல்லை.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் மகள் மெர்சி ரயிலில் வந்து இறங்கினாள். மெட்டலர்ஜி படித்தவள், ஒரகடத்தில் வேலை. சின்னராசு இரண்டு புதுக் கம்பிகளை மடியில் வைத்துக்கொண்டு கிட்டார் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஆறாவதுக்கு எத போடலாம் கண்ணு? வெறுங் கம்பியா, சுத்துன கம்பியா?"

வெறுங் கம்பி ஒரே இழை. மற்றது, மெல்லிய கம்பிமேல் இன்னோர் இழையை நெருக்கமாகச் சுற்றியது. அவர் எப்போதும் சுற்றிய கம்பிதான் கட்டுவார்.

"வெறுங் கம்பி தகர டப்பா மாதிரி கத்துதுன்னு நீதானே நைனா சொன்ன?"

"இப்ப நல்லாத்தான் கேக்குது."

"ஒனக்குக் காது போச்சு."

"போனா இன்னா. சபையில பாதி பேரு தூங்கிக்கினுதான் கீறான்." பிறகு, அவளைப் பார்க்காமல் கேட்டார்: "ரெண்டுல எதுக்குக் கம்மியா மிதிக்கணும்?"

விடை அவருக்குத் தெரியும். அவள் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"வெறுங் கம்பிக்குத்தான். சுத்துனதுல உள்ள இருக்கறது மெல்லிசு. நெறைய நீண்டாத்தான் சுருதி ஏறும். வெறுங் கம்பி தடி, கொஞ்சம் இழுத்தாலே ஏறிடும். பாதி மிதிச்சா போதும்."

"அப்ப அதயே போட்டுடலாம்."

மெர்சியின் கண் வாசலுக்குப் போனதை அவர் கவனித்தார். அங்கே அவருடைய செருப்பு கிடந்தது. இடது செருப்பு மட்டும் தரையில் இழுபட்டு முனையில் தேய்ந்து மழுங்கியிருந்தது. உள்ளே எடுத்து வைத்திருக்கலாம்.

"இப்ப கட்டியிருக்கறது சுத்துனதுதானே? மிதி, பாக்கலாம்."

மிதித்தார். சுருதி ஏறி, சேர வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. தொடையிலிருந்து அழுத்தினார். நகரவில்லை.

"கொறையுது நைனா."

"கம்பி பழசு."

"கம்பி இல்ல. கால்."

அவர் பெடலிலிருந்து காலைக் கையால் தூக்கிக் கீழே வைத்தார். "மழைக்கு முன்னாடியிலருந்து இப்படித்தான். வலி கெடையாது. சொன்ன பேச்சு கேக்கறதில்ல, அவ்ளோதான். ஒன்ன மாதிரி."

"கம்பெனி டாக்டர்கிட்ட சொன்னியா?"

"கண்ணு பாத்தான், பிரஷர் பாத்தான். கால யாரு பாக்கறான்? தெரிஞ்சா வண்டிய வுட்டு எறக்கி, கேட்ல ஸ்டூல் போட்டு ஒக்கார வெச்சிடுவான்."

"ஒக்காரு. திங்கக்கெழம வண்டிய தொடாத."

"லாரி வருதும்மா. ஒரு நாளு. செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்கு நீயே இட்டுக்கினு போ."

அவர் வெறுங் கம்பியைக் கட்டி, பாதி மிதியிலேயே சுருதி வந்து நிற்கும்படி திருகைத் திருப்பி வைத்தார்.

மறுநாள் ஆலயத்தில் பூசணியும் வாழைத்தாரும் கால் கட்டிய கோழிகளும் ஏலத்துக்காகப் பீடத்தின் முன்னால் குவிந்திருந்தன. காணிக்கைப் பாட்டுக்கு அவர் மிதித்த ஒவ்வொரு முறையும் சுருதி சரியாக வந்து சேர்ந்தது. மெர்சி அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தபோது, கால் தேறிவிட்டது என்றே அவருக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை லாரி வந்தது. சுமை ஏற்றும் அன்பு கையுறையை மாட்டிக்கொண்டே வந்தான்.

"அண்ணாத்த, நேத்து நீ வாசிக்கசொல்ல அழுதுட்டேன்."

"நெசமா?"

"பின்ன? நான் கேட்ட கோழிய ஏலத்துல வேற ஒர்த்தன் தூக்கிக்கினு பூட்டான்."

லாரி நிற்குமிடத்துக்குச் சுமையோடு சரிவில் இறங்கினால் பின்பக்கமாக இறங்க வேண்டும் என்று அங்கே பலகை மாட்டியிருக்கிறது. கழுத்தைத் திருப்பி ஓட்ட வேண்டும் என்பதால் யாரும் அப்படிச் செய்வதில்லை. சுருள் பார்வையை மறைக்கும். அன்பு முன்னால் நின்று, பின்வாங்கி நடந்தபடியே கையசைத்து வழி சொல்வான். ஓட்டுபவருக்கு அவன் தலை மட்டும் தெரியும். சரிவுக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஆளுயரப் பள்ளம்.

சரிவின் நடுவில் சின்னராசு பிரேக்கை மிதித்தார். பெடல் பாதி போனது. வண்டி நிற்கவில்லை. தொடையிலிருந்து அழுத்தினார். வலது கால், மாற்றி வைக்கத் தெரியாமல், இருந்த இடத்திலேயே இருந்தது. அன்பு இன்னும் சிரித்தபடி, "வா, வா" என்று கையசைத்துக்கொண்டிருந்தான்.

சின்னராசு இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைச் சுவர் இல்லாத பக்கமாக ஒடித்தார்.