அணு உலைக் குழாய் துடைக்கிறவன்

அணுமின் நிலையத்துக்குக் குழாய் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிறவன் என்றால் ஏதோ விஞ்ஞானி என்று நினைத்துவிடுகிறார்கள். நாள் முழுக்கத் துடைப்பதும் 'தொடாதே' என்று கத்துவதும்தான் உத்தியோகம். இதே பிழைப்பில் இருக்கிற நண்பர்களே, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

மாப்பிள்ளை உபசாரம்

நாட்டில் புதிது புதிதாக அணு உலை வரப்போகிறதாம். அந்தப் புண்ணியத்தில் கும்மிடிப்பூண்டியில் எங்கள் சின்னக் கம்பெனிக்கும் முதல் ஆர்டர் வந்தது. இது ஒழுங்காகப் போனால்தான் அடுத்தது, இல்லாவிட்டால் இதற்கென்று எடுத்த வெல்டர்களை அனுப்பிவிடுவேன் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களுக்குத் தனி ஷெட், தனிப் பூட்டு. வெறுங்கை படக்கூடாது, கிளவுஸ் போடு என்று தினமும் தொண்டை வறளக் கத்தினேன். அப்படி எடுத்த வெல்டர்களில் ஒருவரான ஏழுமலை சிரித்தார். "இன்னா சார், தல தீபாவளிக்கு வந்த மாப்ளயக்கூட இப்டித் தாங்க மாட்டாங்க!"

கொடியில் சட்டை

புதுவாயலில் வாடகைக்கு இருக்கிறேன். என் வேலை என்னவென்று வீட்டுக்கார அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எங்கள் குழாய் இன்னும் அணு உலையின் வாசலைக்கூடப் பார்க்கவில்லை, அதில் கதிர்வீச்சும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல், கொடியில் காய்ந்த என் சட்டையை எடுத்துப் பின்பக்கம் போட்டேன். சொறி பிடித்தவன் மாதிரி வெட்கமாக இருந்தது. அந்தம்மா சொன்னது இவ்வளவுதான்: "கோச்சிக்காத தம்பி, கொயந்த இருக்கற ஊடு, உன் துணிய மட்டும் தள்ளிப் போட்டுக்கோ."

ஆயுத பூசை

லீவுக்கு மணவாள நகரில் அம்மாவைப் பார்க்கப் போனபோது ஷெட் சாவியை ஏழுமலையிடம் கொடுத்தேன். அவர்தான் சொன்னதைக் கேட்கிற ஆள். திரும்பிய அன்றே ஆர்டர் கொடுத்தவர்களின் இன்ஸ்பெக்டர் மேடம் வந்துவிட்டார். எங்கள் ஒழுக்கத்தைப் பற்றி வழியெல்லாம் அளந்துகொண்டே போய்க் கதவைத் திறந்தேன்.

ஒவ்வொரு குழாயிலும் சந்தனம், குங்குமம்! அதில் என்ன உப்பு கலந்திருக்குமோ. கை வியர்வையில் இருக்கிற உப்புப் பட்டால்கூட அந்த ஸ்டீல் உலையின் சூட்டில் நாளடைவில் விரிசல் விடும். என் மானம் கப்பலேறியது. மேடம் என்னைப் பார்க்க, நான் தரையைப் பார்க்க, ஏழுமலை ஓடிவந்தார். "நீங்க சொன்னத மீறல சார். கிளவுஸ் போட்டுக்கினுதான் பொட்டு வெச்சேன்."

மறுபடியும் துடைப்பு

"தொடாதேன்னு சொன்னீங்க சரி, ஏன்னு சொன்னீங்களா?" என்று மேடம் கேட்டார். அத்தனை குழாயையும் சுத்தத் தண்ணீரில் கழுவி மறுபடி சோதிக்க வேண்டும். சரக்கு தாமதமாகத்தான் போகும். அடுத்த ஆர்டர் பற்றிக் கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்று காரில் ஏறிவிட்டார்.

நானும் ஏழுமலையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தோம். அப்போதுதான் அவருக்கு உப்புக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ஆர்டர் நல்லபடியா போவணும், எங்கள அனுப்பிடக் கூடாதுன்னுதான் சார் வெச்சேன்."

அணுவைப் பிளப்பதெல்லாம் பெரிய மனிதர்களின் வேலை. 'ஏன்' என்று ஒரு வார்த்தை சொல்லாத நான் இன்னும் பொட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.